வாழைப்பழத்துக்கு கிரேடியன்ட் போட்டா ஏன் தகரம் மாதிரி தெரியுது?

நீங்க கேட்டது இதான்: இங்க்ஸ்கேப்னு இலவசமா கிடைக்கிற வரையற சாஃப்ட்வேர்ல ஒரு வாழைப்பழம் வரைஞ்சிருக்கீங்க, அவுட்லைன் நல்லா வந்திருக்கு, ஆனா லீனியர் கிரேடியன்ட் (ஒரு கலர் நேர்க்கோட்டுல இன்னொரு கலரா மாறிக்கிட்டே போறது) போட்டா ஒரு நுனி வெளிச்சமா இன்னொரு நுனி இருட்டா ஆகுது, ரேடியல் போட்டா பழத்துக்கு நடுவுல பல்பு எரியற மாதிரி இருக்கு, வளைவு கூடவே ஷேடு வளைய மாட்டேங்குது, இதுக்கு மெஷ் (ஷேப் மேல வலை போட்டு ஒவ்வொரு முடிச்சுக்கும் கலர் குடுக்கறது) கத்துக்கணுமா இல்ல அடோபியோட இல்லஸ்ட்ரேட்டருக்கே போயிடலாமான்னு. ரெண்டும் இப்போதைக்கு வேணாம். இங்க்ஸ்கேப்லயே, நீங்க ஏற்கனவே தெரிஞ்சு வச்சிருக்க ரெண்டு மூணு விஷயத்த வச்சே முடிச்சிடலாம். ஆனா முதல்ல அது ஏன் வளைய மாட்டேங்குதுன்னு புரிஞ்சாகணும், இல்லன்னா நாளைக்கு குடைமிளகாய் வரையும்போது திரும்ப இதே கேள்வி வரும்.

கிரேடியன்ட்டுக்கு உங்க ஷேப் என்னன்னே தெரியாது. மேல இருந்து கீழ மஞ்சள்லேர்ந்து காவி வரைக்கும் ஷேடு போட்ட ஒரு துணி இருக்கு, அதுல இருந்து வாழைப்பழ வடிவத்துல ஒரு துண்டு வெட்டி எடுக்கறீங்க, அவ்ளோதான் நடக்குது. வெட்டுற துண்டு வளைஞ்சிருக்குன்றதுக்காக துணியில இருக்க சாயம் வளையுமா? வளையாது. இங்க்ஸ்கேப் ஃபைல சேவ் பண்ற ஃபார்மட் எஸ்விஜி, அதோட 1.1 வெர்ஷன்ல மொத்தமே ரெண்டே வகை கிரேடியன்ட் தான், லீனியர், ரேடியல். லீனியர்னா நேர்க்கோட்டுப் பட்டை, ரேடியல்னா வட்டம், இழுத்து நீட்டினா நீள்வட்டம். இந்த ரெண்டுல எதுவும் வாழைப்பழம் மாதிரி வளையற ஜாதி கிடையாது. அதனால கிரேடியன்ட்ட வளைக்கிற முயற்சிய விட்டுட்டு, நிழலையே தனி ஷேப்பா வரைஞ்சு, அதோட ஓரத்த மங்கலாக்கி, பழத்துக்குள்ள அடைச்சு வைக்கிறது தான் வழி. நான் பத்துல எட்டு வேலைய இப்படித்தான் பண்றேன்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிடறேன், இது வளைவு பிரச்சனை இல்ல ஆனா உங்க படம் தட்டையா தெரியறதுக்கு பாதி காரணம் இதான். கிரேடியன்ட்ல நீங்க ரெண்டே ஸ்டாப், அதாவது ரெண்டே கலர் புள்ளி, வச்சிருக்கீங்க, ஒரு பக்கம் வெளிர் மஞ்சள், இன்னொரு பக்கம் காவி. உருண்டையான பொருள்ல வெளிச்சம் அப்படி ஒரே சீரா குறையாது. லாம்பெர்ட்னு ஒருத்தர் 1760லயே இதுக்கு கணக்கு போட்டு வச்சிட்டார், பரப்பு எந்த அளவு விளக்கை விட்டு திரும்பியிருக்கோ அந்தக் கோணத்தோட கொசைன் தான் வெளிச்சம். ஒரு உருளைய நேர் எதிர்ல இருந்து வெளிச்சம் அடிச்சு பாக்கறீங்கன்னு வச்சுக்கோங்க, நடுவுல 100. நடுவுல இருந்து ஓரத்துக்கு பாதி தூரம் போயாச்சு, ஆனா வெளிச்சம் 87 வரைக்கும் தான் இறங்கியிருக்கும். 87 சதவீத தூரம் போனப்புறம் தான் 50. மிச்சம் இருக்க அந்த 13 சதவீத இடத்துக்குள்ள 50லேர்ந்து 0க்கு சடசடன்னு விழும். அதாவது ரொம்ப நேரம் மெதுவா, கடைசியில வேகமா. ரெண்டு ஸ்டாப் மட்டும் வச்சா இந்த விழுகை வராது, உருளை வரைஞ்சா கூரை மாதிரி தெரியும், பந்து வரைஞ்சா கூம்பு மாதிரி தெரியும். கிரேடியன்ட் கோட்டு மேல டபுள் கிளிக் பண்ணி நடுவுல ரெண்டு ஸ்டாப் சேத்து, இருட்டு எல்லாத்தையும் ஓரத்துப் பக்கம் தள்ளிப் பாருங்க, அஞ்சு நிமிஷ வேலை, அப்படியே உருண்டு வரும். அந்த 87, 50 நம்பர அப்படியே கலர் நம்பரா போடாதீங்க, ஸ்க்ரீன்ல இருக்க கலர் நம்பர் வெளிச்சத்தோட நேர்விகிதத்துல போகாது. போக்கு மட்டும் மனசுல இருந்தா போதும், மிச்சம் கண்ணு சொல்லும்.

சரி இப்ப பழத்துக்கு வருவோம். தயவு செஞ்சு வீட்ல இருந்து ஒரு நிஜ பழத்த எடுத்து ஜன்னல் பக்கம் மேஜை மேல வைங்க, போட்டோ பாக்காதீங்க. வாழைப்பழம் உருளையே இல்ல, தோல்ல நீளவாக்குல முகடு முகடா இருக்கும், அதனால அது நாலஞ்சு முகம் உள்ள பென்சில் மாதிரி, வளைஞ்ச பென்சில். நம்ம பக்கம் தெரியறது பெரும்பாலும் ரெண்டு முகம், சில சமயம் மூணு. முகட்டுக்கு இந்தப் பக்கம் வெளிச்சம், அந்தப் பக்கம் நிழல், நடுவுல ஓரளவு கூர்மையான கோடு. ஆனா நிழல் முகத்துக்குள்ள பாத்தா நிழல் மெத்துன்னு கரைஞ்சு போகும். ஒரே நிழலுக்கு ஒரு ஓரம் கத்தி மாதிரி, இன்னொரு ஓரம் புகை மாதிரி. உங்க படத்துல எல்லா ஓரமும் புகையா இருக்கு, அதான் பழம் ரப்பர் பொம்மை மாதிரி இருக்கு.

இன்னும் ஒண்ணு கவனிங்க. பழம் சிரிச்ச வாய் மாதிரி ரெண்டு நுனியும் மேல பாத்து கிடக்கு, வெளிச்சம் இடது மேல இருந்து வருது. பழத்துல மேல ஏறுற ரெண்டு பாதியையும் ரெண்டு கைன்னு வச்சுக்கோங்க, வலது கையோட உள்பக்கம் இடது பாத்து நிக்குது, அதனால அது பளிச்னு இருக்கும். இடது கையோட உள்பக்கம் வலது பாத்து நிக்குது, அது கொஞ்சம் மங்கல், ஆனா அதோட வெளிப்பக்கம் வெளிச்சத்த வாங்கும். ஒரே முகம் தான், ஆனா நீளவாக்குல போகப் போக அதோட வெளிச்சம் மாறுது. இதனால தான் அவுட்லைன உள்பக்கமா சுருக்கி பிளர் பண்ற, அதாவது மங்கலாக்கற, சுலப வழி இதுக்கு சரிப்படாது, அது எல்லா இடத்துலயும் ஒரே அகலத்துக்கு நிழல் கொடுக்கும், பழம் தலகாணி மாதிரி உப்பிக்கும்.

இப்ப செய்முறை. பழத்துக்கு கிரேடியன்ட்டே வேணாம், ஒரே தட்டை கலர் குடுங்க, நான் சிவப்பு, பச்சை, நீலம் அளவு 247, 210, 62னு போடுவேன். இத அப்படியே விட்டுடுங்க, இது அடித்தளம், கடைசி வரைக்கும் கீழ இருக்கட்டும். அடுத்து முகடு எங்க ஓடுதோ அந்தக் கோட்ட ஒரு ஓரமா வச்சு, மிச்ச மூணு பக்கமும் பழத்த விட்டு தாராளமா வெளிய போற மாதிரி ஒரு பெரிய மூடின ஷேப் வரைங்க. பழத்த கன்ட்ரோல்+டி அடிச்சு ஒரு டூப்ளிகேட் எடுத்து, அதையும் இந்த ஷேப்பையும் செலக்ட் பண்ணி பாத் மெனுவுல இன்டர்செக்‌ஷன். இப்ப கீழ் முகம் மட்டும் துல்லியமா தனியா கிடைச்சிருக்கும். இதுக்கு முழுப் பழத்த விட கொஞ்சம் அழுத்தமான மஞ்சள் குடுத்தாலே பாதி வேலை முடிஞ்சுது, பென்சில் முகம் தெரிய ஆரம்பிச்சிடும். அடித்தளத்த கீழ விடச் சொன்னதுக்கு காரணம் இருக்கு, ரெண்டு முகத்தையும் தனித்தனியா வெட்டி பக்கத்துல பக்கத்துல வச்சா நடுவுல தலைமுடி மாதிரி ஒரு வெள்ளைக் கோடு தெரியும், ஓரத்த மென்மையாக்கறப்ப சாஃப்ட்வேர் பண்ற குளறுபடி அது. கீழ மஞ்சள் இருந்தா அந்தக் கோடு மஞ்சளா போயிடும், யாருக்கும் தெரியாது.

அடுத்தது நிழல். கீழ் முகத்துக்கு மேல, பழத்தோட அடி வளைவு கூடவே ஓடற மாதிரி ஒரு மெல்லிசான பிறை வரைங்க, கைபோக்குல வரைஞ்சா போதும், பழத்துக்கு வெளிய வழிஞ்சாலும் பரவாயில்ல, வழியணும்னு தான் நான் சொல்லுவேன். வலது பக்கம் அகலமா, இடது கைக்கு வர வர ஒல்லியா ஆகி மறைஞ்சு போற மாதிரி. ஷிஃப்ட்+கன்ட்ரோல்+எஃப் அடிச்சா ஃபில் அண்ட் ஸ்ட்ரோக் பெட்டி வரும், அதுல கீழ பிளர் ஸ்லைடர் இருக்கு, 5லேர்ந்து ஆரம்பிங்க. அந்த சதவீதம் ஷேப்போட அளவுக்கு ஏத்த மாதிரி, அதனால பெரிய ஷேப்புக்கு போட்ட அதே நம்பர சின்ன ஷேப்புக்கு போட்டா அதே மங்கல் வராது, ஒவ்வொண்ணுக்கும் கண்ணால பாத்து தான் வைக்கணும்.

இந்த மாதிரி ரெண்டு மூணு நிழல் ஷேப் வந்ததும் எல்லாத்தையும் கன்ட்ரோல்+ஜி அடிச்சு குரூப் ஆக்குங்க. கீழ் முகத்த ஒரு டூப்ளிகேட் எடுத்தா அது ஒரிஜினல் மேலயே உக்காந்திருக்கும், அத ஹோம் பட்டன் அடிச்சு எல்லாத்துக்கும் மேல கொண்டு வாங்க, குரூப்பையும் சேத்து செலக்ட் பண்ணி ஆப்ஜெக்ட் மெனு, கிளிப், செட் கிளிப். மேல இருக்க ஷேப் தான் கத்தரிக்கோல், இத மாத்தி வச்சுட்டு படம் காணாமப் போச்சேன்னு தேடாதவங்க கிடையாது. இப்ப முகட்டுப் பக்கம் நிழல் கூர்மையா வெட்டுப்பட்டு நிக்கும், உள்பக்கம் புகை மாதிரி கரையும், நிஜப் பழத்துல பாத்தீங்களே அதே. பிளர குரூப்புக்குள்ள இருக்க ஷேப்புக்கு தான் போடணும். கிளிப் பண்ணி முடிச்ச சாமான இன்னொரு குரூப்புக்குள்ள வச்சு அந்த வெளி குரூப்புக்கு பிளர் குடுத்தீங்கன்னா வெட்டின ஓரமும் சேந்து மங்கிடும், கிளிப் பண்ணதே வீண்.

கலர் விஷயம். நிழலுக்கு கருப்ப எடுத்து ஒபாசிட்டி குறைச்சு போட்டிருக்கீங்க, ஃபைல பாத்ததும் தெரிஞ்சுது. மஞ்சளுக்கு மேல கருப்பு மட்டும் வேணவே வேணாம். கணக்கே போட்டு காட்டறேன்: 247, 210, 62க்கு மேல கருப்ப 30 சதவீதம் போட்டா 173, 147, 43 வரும், அது பாசி பிடிச்ச மாதிரி ஒரு பச்சை கலந்த அழுக்கு. அதுக்கு பதிலா நிழல் ஷேப்புக்கு வெளிர் ஊதா, 200, 180, 210 குடுத்து பிளெண்ட் மோட, அதாவது கீழ இருக்க கலரோட கலக்கற விதத்த, மல்டிப்ளை ஆக்குங்க. மல்டிப்ளைன்னா ரெண்டு நம்பரையும் பெருக்கி 255ஆல வகுக்கறது, அவ்ளோதான் மந்திரம், 194, 148, 51 வரும். கிட்டத்தட்ட அதே அளவு இருட்டு தான், ஆனா இது நாட்டுச்சக்கரை கலர், பழுத்த பழம்னு நம்ப வைக்கும். ரெண்டையும் பக்கத்துல வச்சு பாருங்க, அப்புறம் கருப்ப தொடமாட்டீங்க.

இங்க ஒரு குழி இருக்கு, நான் ஒரு ராத்திரி முழுக்க இதுல விழுந்து கிடந்தேன். கிளிப் பண்ண குரூப்புக்குள்ள இருக்க ஷேப்புக்கு மல்டிப்ளை போட்டா அது வேலையே செய்யாத மாதிரி இருக்கும், ஊதா ஊதாவாவே பழத்து மேல ஒட்டிக்கிட்டு நிக்கும். ஏன்னா கிளிப் போட்ட குரூப் ஒரு மூடின ரூம் மாதிரி, உள்ள இருக்கறது உள்ள இருக்கறதோட மட்டும் தான் கலக்கும், வெளிய கீழ கிடக்கற பழம் அதுக்கு தெரியாது. மல்டிப்ளைய குரூப்புக்கு போடுங்க, ஷேப்புக்கு இல்ல. இல்லன்னா அடித்தளப் பழத்தோட ஒரு காப்பிய அந்த குரூப்புக்குள்ளயே அடியில வச்சிடுங்க. 1.0 வெர்ஷன்லேர்ந்து, அதாவது 2020 மே மாசத்துலேர்ந்து, தனித்தனி ஆப்ஜெக்ட்டுக்கே பிளெண்ட் மோட ஃபில் அண்ட் ஸ்ட்ரோக் பெட்டியிலயே வைக்கலாம், நீங்க இன்னும் 0.92 வச்சிருந்தா முதல்ல அத மாத்துங்க.

நிழல அடி ஓரம் வரைக்கும் கொண்டு போய் ஒட்டாதீங்க. மேஜைல பட்ட வெளிச்சம் திரும்பி பழத்தோட அடியில கொஞ்சம் அடிக்கும், அதனால ரொம்ப இருட்டான பட்டை ஓரத்துக்கு சற்று உள்ள தள்ளி தான் இருக்கும், ஓரத்துல ஒரு நூல் அளவு வெளிச்சம் திரும்ப வரும். நிழல் பிறைய கொஞ்சம் மேல நகத்தினாலே இது வந்துடும். ஆனா அந்தத் திரும்ப வர்ற வெளிச்சம் வெளிச்சப் பக்கத்த விட பளிச்னு இருக்கக் கூடாது, அப்படி ஆனா பிளாஸ்டிக். ஹைலைட்டும் அப்படித்தான், வாழைப்பழத் தோல் மினுமினுக்கற சாமான் இல்ல, வெள்ளைப் புள்ளி எதுவும் வைக்காதீங்க, முகட்டுக்கு மேல கொஞ்சம் வெளிறின மஞ்சள்ல ஒரு நீளப் பட்டை, பிளர் 3, முடிஞ்சுது. கத்திரிக்காய்னா கதையே வேற, அதுக்கு கூர்மையான வெள்ளை ஹைலைட் இருந்தா தான் கத்திரிக்காய், அத பிளரே பண்ணக்கூடாது. கத்திரிக்காய்க்கு ரேடியலும் நல்லா உக்காரும், நீள்வட்டமா இழுத்துட்டு, ஷிஃப்ட் அழுத்திக்கிட்டு நடு ஹேண்டில இழுத்தா பளிச்னு இருக்க புள்ளி மட்டும் தனியா நகரும், வெளிச்சம் வர்ற பக்கம் தள்ளிடுங்க.

குழாய், பாம்பு, ஜிலேபி, தண்ணி பைப் மாதிரி ஒரே தடிமன்ல வளைஞ்சு வளைஞ்சு போற சாமானுக்கு இவ்ளோ கஷ்டம் வேணாம். அது ஷேப்பே இல்ல, ஸ்ட்ரோக், அதாவது தடிமனான கோடு. இல்லஸ்ட்ரேட்டர்ல சிஎஸ்6லேர்ந்து, அதாவது 2012லேர்ந்து, ஸ்ட்ரோக்குக்கு குறுக்கா கிரேடியன்ட் போடற வசதி இருக்கு, கோடு எப்படி சுத்தினாலும் ஷேடு கூடவே சுத்தும், அவங்க குடுத்ததுலயே எனக்கு பிடிச்சது அது தான். இங்க்ஸ்கேப்ல அது கிடையாது, ஆனா ஏமாத்தலாம்: 44 பிக்சல் தடிமன்ல இருட்டு கலர்ல ஒரு கோடு, அதையே டூப்ளிகேட் பண்ணி 4 பிக்சல்ல வெளிச்சக் கலர், ரெண்டையும் செலக்ட் பண்ணி எக்ஸ்டென்ஷன்ஸ் மெனுவுல ஜெனரேட் ஃப்ரம் பாத், இன்டர்போலேட். ஸ்டெப் 19, இன்டர்போலேட் ஸ்டைல் டிக் பண்ணுங்க. ஒவ்வொரு கோடும் முந்தினத விட 2 பிக்சல் ஒல்லி, அதாவது பக்கத்துக்கு 1 பிக்சல், கண்ணுக்கு படிக்கட்டு தெரியாது. டூப்ளிகேட் பண்றதுக்கு முன்னாடியே கோட்ட ஒழுங்கா முடிச்சிடுங்க, ரெண்டு கோட்டுலயும் நோட் (கோட்ட வளைக்கிற புள்ளி) எண்ணிக்கை வேற வேற ஆனா நடுவுல வர்ற கோடெல்லாம் கோணிக்கும். 4 பிக்சல் கோட்ட லேசா மேல நகத்தி வச்சுட்டு இன்டர்போலேட் பண்ணா வெளிச்சம் மேல இருந்து வர்ற மாதிரி வந்துடும். கோரல்டிரா சாஃப்ட்வேர்ல இதையே பிளெண்ட் டூல்ல பண்ணுவாங்க, கிளிப்புக்கு அங்க பவர்கிளிப், நம்ம ஊர் ஃப்ளெக்ஸ் கடையில உக்காந்து வேலை பாத்தவங்களுக்கு தூக்கத்துல கூட வரும்.

குடைமிளகாய், கசங்கின துணி, இஞ்சி மாதிரி ஒழுங்கே இல்லாத ஷேப்புக்கும் தனி டெக்னிக்லாம் கிடையாது. அது எந்தெந்த சின்ன உருண்டையால ஆனதுன்னு பாருங்க. குடைமிளகாய் மூணு நாலு நீள பலூன் ஒட்டி வச்ச மாதிரி, ஒவ்வொண்ணுக்கும் தனி நிழல், ரெண்டு பலூன் சேர்ற பள்ளத்துல மட்டும் கூர்மையான இருட்டு. இஞ்சிக்கு ஒவ்வொரு விரலும் ஒரு சின்ன பீப்பாய். அவுட்லைன் எவ்ளோ கோணலா இருந்தாலும் உள்ள இருக்கறது பந்து, உருளை, தட்டை முகம் இந்த மூணு தான்.

மெஷ் பத்தி கேட்டீங்க. இங்க்ஸ்கேப்ல 0.92ல, 2017 ஜனவரில வந்தது. நாலு வளைவுக்கு நடுவுல ஒரு பரப்ப நிரப்பற இந்தக் கணக்கு எம்ஐடில இருந்த ஸ்டீவன் கூன்ஸ் 1960கள்ல போட்டது, டூல்ல கூட அவர் பேரு தான் இருக்கும். அழகான விஷயம், ஆனா வாழைப்பழத்து மேல நேரா போட்டா அது பழத்த பாக்காது, பழத்த சுத்தி இருக்க செவ்வகத்துல வலை போடும், அப்புறம் ஒவ்வொரு முடிச்சா இழுத்து வளைக்கணும். இல்லஸ்ட்ரேட்டர்ல பழகினவங்க செய்யறது தலைகீழ்: முதல்ல ஒரு நீள செவ்வகத்துல மெஷ் போட்டு கலர் எல்லாம் குடுத்துட்டு, அப்புறம் அந்த செவ்வகத்தையே கொஞ்சம் கொஞ்சமா வளைச்சு பழமாக்குவாங்க, வலை கோடெல்லாம் நீளவாக்குல ஒழுங்கா ஓடும். 2018 கடைசில வந்த ஃப்ரீஃபார்ம் கிரேடியன்ட் இருந்தா இன்னும் சுலபம், லைன்ஸ் மோட்ல முகடு கூடவே ஒரு கோடு, அடி ஓரத்துல ஒரு கோடு போட்டா நடுவுல அதுவே நிரப்பிக்கும். ஒரு ஐக்கானுக்காக இதுக்கு காசு குடுக்கறது அவசியமான்னு நீங்களே பாத்துக்கோங்க. அப்புறம் மெஷ் எஸ்விஜி 2லேர்ந்து தூக்கப்பட்டுடுச்சு, பிரவுசர் எதுவும் அத நேரடியா காட்டாது. இங்க்ஸ்கேப் ஃபைலுக்குள்ள ஒரு ஸ்கிரிப்ட் வச்சு சமாளிக்குது, ஃபைல தனியா திறந்தா தெரியும், வெப்சைட்ல சாதாரண இமேஜா வச்சா ஸ்கிரிப்ட் ஓடாது, பழம் போயிடும். வெப்புக்குன்னா பிஎன்ஜியா எக்ஸ்போர்ட் பண்ணுங்க.

பிளர் நிறைய சேந்தா இங்க்ஸ்கேப் மாட்டு வண்டி மாதிரி நகரும், வியூ மெனுவுல டிஸ்ப்ளே மோட், நோ ஃபில்டர்ஸ் வச்சுட்டு வரைங்க, பாக்கறப்ப மட்டும் நார்மலுக்கு வாங்க. பிரிண்ட்டுக்கு போறதா இருந்தா இன்னொண்ணு: பிளர் வெக்டர் (எவ்ளோ பெருசாக்கினாலும் உடையாத கோடு) இல்ல, பிடிஎஃப் ஆக்கும்போது அது பிக்சலா மாறும். சேவ் பண்றப்ப வர்ற பெட்டில ராஸ்டரைஸ் ஃபில்டர் எஃபெக்ட்ஸ் டிக்குக்கு கீழ ரெசல்யூஷன் 96னு கிடக்கும், அத யாரும் பாக்கறதில்ல. நானும் பாக்கல, ஒரு ஊறுகாய் லேபிளுக்கு மாங்கா வரைஞ்சு அப்படியே அனுப்பிட்டேன், எழுத்தெல்லாம் கத்தி மாதிரி, மாங்கா நிழல் மட்டும் கட்டம் கட்டமா, 2000 லேபிள் அடிச்சு வந்தாச்சு. தப்பு என்னோடது தான், பிரஸ்காரர திட்டவும் வழியில்ல. 300னு மாத்திட்டு சேவ் பண்ணுங்க, அந்த பிடிஎஃப திறந்து 400 சதவீதம் ஜூம் பண்ணி நிழலோட ஓரத்த ஒரு தடவை பாத்துட்டு அப்புறமா அனுப்புங்க.